புட்டுக்கு வந்த சுறா

விருத்தாசலம்
6-7-2003

அன்பான அக்காவுக்கு,

நீயும் மாமாவும் சௌக்கியம்தானே? தூத்துக்குடித் தண்ணீர் இன்னும் உப்புக் கரிக்கிறதா, பழகிவிட்டதா? இங்கே நான், இவர், அத்தை மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். நல்லூரிலிருந்து அப்பா வந்து ஒரு மூட்டை வேர்க்கடலை வைத்துவிட்டுப் போனார். முழங்கால் வலியைத் தவிர அவருக்கும் குறை ஒன்றும் இல்லை.

எனக்குத்தான் ஒரு வாரமாக ஓயாத தூக்கம். செராமிக் எஸ்டேட்டில் என் வேலை உனக்குத் தெரியும். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துப் பிசிறு நீக்க வேண்டும். துடைத்துக்கொண்டே தூங்கிப் போகிறேன். எங்கே பார்த்தாலும் வெள்ளைத் தூசி. சூளைப் பக்கமிருந்து வெதுவெதுவென்று காற்று வருகிறது. கண் தானாகச் செருகுகிறது. நேற்று அப்படியே ஒரு கனவு. பொம்மை அடுக்கியிருக்கும் பலகைகளுக்கு நடுவே தண்ணீர் ஏறிவிட்டது. மீன்கள் பொம்மைகளை மோந்து பார்த்துக்கொண்டு போகின்றன. கடலை நான் பார்த்ததே ஒரு தடவைதான். கடலூரில், நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாயே, அப்போது. அந்தக் கடல் எப்படி எஸ்டேட்டுக்குள் வந்தது என்று தெரியவில்லை.

கனவில் மீன் வந்ததற்குக் காரணம் அத்தையின் சுறாப்புட்டாக இருக்கலாம். எங்கள் தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் பால் சுரக்க அத்தை கைப் புட்டுதான். மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, பூப்பூவாக உதிர்த்து, சின்ன வெங்காயமும் பூண்டும் மிளகும் போட்டுக் கிளறினால் தெருமுனை வரைக்கும் வாசம் போகும். கடலூரிலிருந்து காலை ரயிலில் மாரியம்மாள் என்று ஒரு மீன்காரம்மா கூடையோடு வருவார். முன்பெல்லாம் முழங்கை நீளத்துப் பால் சுறாதான் கொண்டுவருவார். இப்போது பெரிய சுறாவின் துண்டுகள். "தூத்துக்குடிலேர்ந்து லாரில வருது பாப்பா. ஒங்கக்கா ஊரு மீனு" என்றார். நீயே அனுப்பி வைத்த மாதிரி நினைத்துக்கொண்டு இரண்டு கை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

உன் வேலை எப்படிப் போகிறது? எழுது.

என்றும் உன்
கொளஞ்சி


தூத்துக்குடி
19-7-2003

அன்புத் தங்கை கொளஞ்சிக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. நாங்கள் நலம். மாப்பிள்ளை பழமலைநாதனையும் உன் அத்தையையும் கேட்டதாகச் சொல்.

நாள் முழுக்கத் தூக்கம் வருகிறது என்றால் இரத்தம் குறைவாக இருக்கும். முருங்கைக்கீரை சாப்பிடு.

என் வேலையைக் கேட்டிருந்தாய். அதிகாலையில் நான் போகும்போது ஏற்றுமதிக் கூடத்தின் சிமெண்டுத் தரையில் சுறாக்களை வரிசையாகப் போட்டிருப்பார்கள். ஆள் உயரத்துக்கு, அதைவிடப் பெரியவைகூட. மேலே ஐஸ் தூவியிருக்கும். புகை மாதிரி குளிர் எழும்பிக்கொண்டிருக்கும். அந்த வெளிச்சத்தில் பார்த்தால் தூங்குகிறவர்களைப் போலத் தெரியும். ஒவ்வொன்றிலிருந்தும் நகத்தளவு சதை எடுத்து, அமிலத்தில் கரைத்து, கருவியில் வைத்து, பாதரசம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் போனால் வெளிநாட்டுக்காரர்கள் வாங்க மாட்டார்கள். நான் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலாளரிடம் கொடுப்பேன். அவ்வளவுதான் என் வேலை.

ஆடிக் கிருத்திகைக்குத் திருச்செந்தூர் போகலாம் என்று மாமா சொல்கிறார். கல்யாணமாகிப் பதினோரு வருடம். என்ன வேண்டிக்கொள்ளப் போகிறேன் என்று உனக்குத் தெரியும்.

சுறா அடிக்கடி வேண்டாம். உடம்புக்குச் சூடு.

அன்புடன்
அன்புக்கரசி


விருத்தாசலம்
17-8-2003

அன்பான அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? மாமாவுக்குத் துறைமுகத்தில் வேலை அதிகமா? நாங்கள் நலமே. மணிமுத்தாற்றில் தண்ணீர் இல்லை. மணலில் மாடு படுத்திருக்கிறது.

நீ சுறா சூடு என்று எழுதியதை அத்தையிடம் சொன்னேன். "கடல்ல ஊறிக் கெடந்த மீனு எப்படிம்மா சூடாவும்? ஒங்கக்கா படிச்சவங்க, சமையல் தெரியாது" என்று சிரித்தார். கோபப்படாதே. உன் மேல் அத்தைக்கு மரியாதை உண்டு. ஆனால் இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை புட்டு செய்து, பக்கத்தில் உட்கார்ந்து என்னைச் சாப்பிட வைக்கிறார். எனக்கும் வேறு எதுவும் இறங்குவதில்லை. சோற்றைக் கண்டால் வெறுப்பு. சுறா மட்டும் இறங்குகிறது.

தூக்கம் தீரவில்லை. ஆனால் அது கெட்ட தூக்கம் இல்லை அக்கா. யாரோ என்னைத் தூக்கி நடந்துகொண்டே இருக்கிற மாதிரி. கண் விழித்த பிறகும் கொஞ்ச நேரம் நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிவதில்லை. எஸ்டேட்டில் மேஸ்திரி, "கொளஞ்சி, பொம்ம தூங்குதா, நீ தூங்கறியா?" என்று கேட்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

திருச்செந்தூர் போய் வந்தாயா? நானும் உனக்காக இங்கே கொளஞ்சியப்பரிடம் வேண்டிக்கொண்டேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது வேண்டாம், பிறகு எழுதுகிறேன். பயப்படாதே, கெட்ட சேதி இல்லை.

உன்
கொளஞ்சி


தூத்துக்குடி
7-9-2003

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். பதில் எழுத நாளாகிவிட்டது. இங்கே இருவரும் நலம். திருச்செந்தூரில் நல்ல தரிசனம். அலை உள்ளே வந்து என் புடவையை நனைத்துவிட்டுப் போனது. மாமா அதை நல்ல சகுனம் என்றார்.

சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாயே, என்ன? புது வீடா? மாப்பிள்ளைக்குச் சம்பளம் கூடியதா? நானும் உன்னிடம் ஒன்று சொல்ல நினைக்கிறேன். என் வேலை சம்பந்தமானது. எழுத்தில் வைக்கக்கூடியது இல்லை. நேரில் பார்க்கும்போது சொல்கிறேன்.

இந்த மாதம் தேறாத பெட்டிகள் அதிகம். மதியத்துக்குள் அவற்றை வேறு லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். நான் மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். ஐஸ் உருகி லாரியின் பின்பக்கமாகச் சொட்டிக்கொண்டே போனது. ரோடு முழுக்க ஈரக்கோடு. கேட்டைத் தாண்டிய பிறகும் அந்தக் கோடு வெயிலில் கொஞ்ச நேரம் மின்னிக்கொண்டிருந்தது.

புட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளேன். நான் சொல்வதற்காகவாவது.

அன்புடன்
அன்புக்கரசி


விருத்தாசலம்
2-11-2003

அன்பான அக்காவுக்கு,

தீபாவளி நன்றாக நடந்ததா? நீ அனுப்பிய புடவையைக் கட்டிக்கொண்டேன். ஜாக்கெட்தான் பற்றவில்லை. ஏன் பற்றவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அக்கா, எனக்கு ஐந்தாம் மாதம் முடியப் போகிறது.

ஆடியிலேயே தெரியும். உனக்கு எழுத உட்காருவேன். உன் முகம் முன்னால் வந்து நிற்கும். பதினோரு வருடமாக ஒவ்வொரு கோயிலாகப் போய் வருகிறவளுக்கு இதை எப்படி எழுதுவது என்று பேனாவை மூடி வைத்துவிடுவேன். திருச்செந்தூர் போய்விட்டு வந்து நீ முதலில் நல்ல சேதி எழுதுவாய், பிறகு நான் எழுதலாம் என்று காத்திருந்தேன். உன்னிடம் மறைத்தது எனக்கே பாரமாக இருந்தது. மன்னித்துக்கொள்.

இப்போது வயிற்றில் அசைகிறது. மீன் வாலைத் திருப்புகிற மாதிரி ஒரு சின்ன அசைவு, பிறகு சும்மா. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். அத்தை என்னை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறார். தீபாவளிக்கு மறுநாள்கூடச் சுறாப்புட்டு. "புள்ளைக்கு எலும்பு கெட்டியாவும், சாப்புடு" என்கிறார். மூன்று மாதமாக ஒரு வாரம்கூடத் தவறவில்லை. மாரியம்மாள் எனக்கென்றே நடுத்துண்டை எடுத்து வைக்கிறார்.

உனக்குச் சந்தோஷம்தானே அக்கா? சீக்கிரம் பதில் எழுது. உன் பதில் வரும் வரைக்கும் எனக்குச் சரியாக இருக்காது.

உன்
கொளஞ்சி


தூத்துக்குடி
8-11-2003

கொளஞ்சிக்கு,

கடிதம் கிடைத்தது. இனி ஒரு துண்டு சுறாகூடச் சாப்பிடாதே. புட்டு, குழம்பு, கருவாடு எதுவும் வேண்டாம். இன்றைக்கே நிறுத்து. மீன் வேண்டுமென்றால் மத்தி, நெத்திலி மாதிரிச் சின்ன மீன் சாப்பிடு. காரணம் கேட்காதே.

அன்புக்கரசி


தூத்துக்குடி
7-12-2003

என் அன்புக் கொளஞ்சிக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? கால் வீங்குகிறதா? சரியாகச் சாப்பிடுகிறாயா? ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தினமும் தபால்காரர் தெருவைக் கடந்து போகிற வரைக்கும் வாசலில் நிற்கிறேன்.

என் கடிதத்தின் நகல் என்னிடம் இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது. அதில் ஒரு வாழ்த்துகூட இல்லை. உன் அத்தை என்ன நினைத்திருப்பார், நீ என்ன நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். பொறாமை வரவே இல்லை என்று எழுதினால் பொய்யாகும். வந்தது. ஆனால் அதற்கு முன்னால் பயம் வந்தது. நாலு வரி எழுதி, உடனே ஓடிப்போய்த் தபாலில் போட்டேன். அதற்கு மேல் எழுத உட்கார்ந்தால் நான் என்ன செய்தேன் என்பதையும் எழுத வேண்டியிருக்கும். இப்போது எழுதுகிறேன்.

பாதரசம் கடலில் கலக்கிறது. சின்ன மீனுக்குள் துளி போகிறது. அதைத் தின்கிற மீனில் இன்னும் கொஞ்சம். எல்லாவற்றையும் தின்கிற பெரிய சுறாவில், வயதாக ஆக, வெளியே போகாமல் சேர்ந்துகொண்டே இருக்கிறது. அதற்கு வாசனை கிடையாது, ருசி கிடையாது. கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது. பெரியவர்கள் எப்போதாவது சாப்பிட்டால் ஒன்றும் தெரியாது. ஆனால் கர்ப்பிணி சாப்பிட்டால் வயிற்றுப் பிள்ளையின் மூளைக்குப் போகும். பிள்ளை பேசவும் நடக்கவும் தாமதமாகலாம்.

வெளிநாட்டுக்குத் தேறாத பெட்டிகள் லாரியில் வடக்கே போகின்றன என்று எனக்குப் பங்குனியிலேயே தெரியும். மேலாளரிடம் ஒரு தடவை கேட்டேன். "நம்ம ஊர்க்காரன் எவன் மெஷின் வச்சுப் பாக்கப் போறான், நீங்க நம்பர மட்டும் எழுதுங்க மேடம்" என்றார். நான் நம்பரை மட்டும் எழுதினேன். தூத்துக்குடி லாரியில் சுறா வருகிறது என்று ஆடி பிறக்கும் முன்பே நீ எழுதினாய். அன்றைக்கே இதையெல்லாம் எழுதியிருக்க வேண்டும். சூடு என்று எழுதினேன். நீ கர்ப்பமாக இல்லையே, கொஞ்சம் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நீ என் மனம் நோகக் கூடாது என்று மறைத்தாய். நான் என் வேலைக்காக மறைத்தேன். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேச எனக்கு வாய் இல்லை.

நிறுத்திவிட்டாயா? அதை மட்டுமாவது எழுது.

உன் அக்கா
அன்புக்கரசி


விருத்தாசலம்
28-3-2004

அக்காவுக்கு,

நானும் குழந்தையும் நலம். மாசிக் கடைசியில், மார்ச் 11 வியாழக்கிழமை காலை, பெண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. தலை நிறைய முடி. இனியா என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு என்ன காரணம் சொல்வது? உன் முதல் கடிதம் வந்தபோது அழுதேன். அத்தை, "வவுறு எரியுதோ என்னவோ, வுடும்மா" என்றார். இரண்டாவது கடிதம் வந்தபோது அதைப் புடவைக்கு நடுவே வைத்துவிட்டேன். எடுத்து எடுத்துப் படிப்பேன். படித்த பிறகு வயிற்றைத் தொடவே பயமாக இருக்கும். வளைகாப்புக்கு உன்னை அழைக்க வேண்டாம் என்று அத்தை சொல்லவில்லை. நான்தான் எழுதவில்லை. அது என் குற்றம். அந்த மாதங்களைப் பற்றி வேறு எதுவும் இப்போது கேட்காதே.

பிள்ளை பிறந்த ஐந்தாம் நாள் அத்தை ஒரு கிண்ணம் நிறையச் சுறாப்புட்டு கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. மதிய வெயில் ஜன்னல் வழியாக விழுந்து கிண்ணத்தின் மேல் ஆவி சுருண்டு சுருண்டு போவது தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உன் கடிதத்தை எடுத்து அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும்.

அத்தை கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "ஏங் கையாலயா?" என்றார்.

"பாசத்துலதானே போட்டீங்க அத்த" என்றேன்.

"பாசமா? அது வெசம்னு தெரியலயேம்மா எனக்கு. இந்தத் தெருவுல எத்தினி பேருக்கு ஆக்கிப் போட்டுருக்கேன். பெரியநாயகி மருமவளுக்குப் போன மாசங்கூட கொண்டுபோயி குடுத்தேனே."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தார். நாய்கூடத் தின்னக் கூடாதாம். மறுநாள் காலையில் ஸ்டேஷனுக்கே போய் மாரியம்மாளைப் பிடித்துக் கேட்டிருக்கிறார். "எனக்கு என்னக்கா தெரியும்? மார்க்கெட்டுல ஐஸ் பொட்டிய ஒடைக்கிறாங்க, நான் வாங்கியாரேன். ஏம் பேத்திக்கும் அதத்தான் குடுக்கறேன்" என்று அந்த அம்மா கூடையை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம்.

அப்புறம் அத்தை என்னிடம் ஒரு பேப்பர் கொண்டுவந்து கொடுத்து, கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதச் சொன்னார். யாராவது நமக்குத் தீங்கு செய்தால் சாமியிடம் எழுதிக் கட்டுவோமே, அது. பேனாவைத் திறந்து, "யார் பேர அத்த எழுதறது?" என்று கேட்டேன். மாரியம்மாளா, லாரிக்காரனா, கடலா? நீயா? உன் பெயரை அத்தை சொல்லவில்லை அக்கா. வெற்றுப் பேப்பரை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

இப்போது வீடு வீடாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்குப் பூண்டும் கீரையும்தான். பால் குறைவில்லை.

கொளஞ்சி


தூத்துக்குடி
10-4-2004

என் அன்புக் கொளஞ்சிக்கு,

இனியாவுக்கு அவள் பெரியம்மாவின் முத்தம். உன் கடிதத்தை மாமாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு எழுந்து போய் ஒரு கிலோ லட்டு வாங்கிக்கொண்டு வந்தார். தெருவில் எல்லோருக்கும் கொடுத்தோம். குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே. காதில் பஞ்சு வைத்துக்கொள்.

பிராதில் எழுத உன் அத்தைக்குப் பெயர் வேண்டுமென்றால் என் பெயரைக் கொடு. நான் வருத்தப்பட மாட்டேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் பதினாறு பெட்டி தேறவில்லை. லாரி வருவதற்கு முன்னால் கீழே இறங்கிப் போய், பெட்டிக்கு எண் போடும் அழியாத மையால் ஒவ்வொரு பெட்டியிலும் நான்கு பக்கமும் எழுதினேன்: பாதரசம் அதிகம், மனிதர் உண்ணத் தகாது. ஏற்றுகிறவர்கள் படித்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார்கள். மேலாளர் வந்து தண்ணீர் ஊற்றித் தேய்க்கச் சொன்னார். போகவில்லை. அன்றைக்கு அந்தப் பெட்டிகள் கேட்டைத் தாண்டவில்லை. மே மாதக் கடைசியோடு என்னை நிற்கச் சொல்லிவிட்டார்கள். எண்களையெல்லாம் பிரதி எடுத்து மீன்வளத்துறைக்கும் கலெக்டருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். என்ன நடக்கும் என்று தெரியாது. மாமாவிடம் சொன்னேன். "இனிமே காலைல சேந்து காப்பி குடிக்கலாம்" என்றார்.

போகும் முன் இந்தக் கருவியில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நாம் சாப்பிடும் பாதரசம் முடியிலும் ஏறும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அதனால் ஒவ்வொரு சென்டிமீட்டரும் ஒரு மாதத்தின் கணக்கைச் சொல்லும். பென்சில் கனத்துக்கு ஒரு கற்றையைத் தலையை ஒட்டி நறுக்கி, வேர்ப்பக்கத்தில் சிவப்பு நூல் கட்டி அனுப்பு. அனுப்ப மனமில்லை என்றால் விட்டுவிடு. நான் எதுவும் கேட்க மாட்டேன்.

உன் அக்கா
அன்புக்கரசி


விருத்தாசலம்
27-4-2004

அக்காவுக்கு,

நலம். குழந்தையும் நலம். முடியை இத்துடன் வைத்திருக்கிறேன். அத்தைதான் நறுக்கினார், பின் கழுத்துக்கு மேலே, வெளியே தெரியாத இடத்தில். சிவப்பு நூலையும் அவரே கட்டினார்.

குழந்தை பகலெல்லாம் தூங்குகிறாள். தூக்கத்தில் சிரிக்கிறாள். என்ன பார்க்கிறாள் என்று குனிந்து கேட்கத் தோன்றுகிறது. இவர் சூளை வேலை முடித்து வந்ததும் கைதட்டிப் பார்க்கிறார், திரும்புகிறாளா என்று. திரும்பினால் ஒரு நாள் நிம்மதி. கொஞ்சம் தாமதமானால் மறுபடி மறுபடி தட்டுகிறார்.

கொளஞ்சி


தூத்துக்குடி
30-5-2004

என் அன்புக் கொளஞ்சிக்கு,

நீயும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். நாளையோடு எனக்கு இங்கே வேலை முடிகிறது. மேசையைத் துடைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

உன் முடியை வெள்ளைத் தாளில் நீட்டி வைத்து, பதினோரு சென்டிமீட்டரைப் பதினோரு துண்டாக நறுக்கினேன். ஒவ்வொன்றையும் தனிக் குப்பியில் போட்டேன். ஒரு வருடமாக நீ தூங்கியது, கனவு கண்டது, எனக்கு எழுதியது, எழுதாதது எல்லாம் வரிசையாக நிற்கிற மாதிரி இருந்தது.

ஆனித் துண்டில் கொஞ்சம்தான். ஆடியில் ஏறுகிறது, ஆவணியில் ஏறுகிறது, புரட்டாசியில் ஏறுகிறது. ஐப்பசியில் உச்சம். இருக்க வேண்டிய அளவைப் போல ஐந்து மடங்கு. அதைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றேன். திரும்பி வந்து மற்றத் துண்டுகளைப் போட்டேன்.

கார்த்திகையில் இறங்குகிறது, கொளஞ்சி. மார்கழியில் இன்னும் கீழே. தை, மாசி, பங்குனி ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குறைவு. பிள்ளை பிறந்த மாதத்துத் துண்டில் ஏறக்குறைய சரியான அளவுக்கு வந்துவிட்டது. தப்பாகப் பார்த்துவிட்டேனோ என்று மீதி முடியை வைத்து மறுபடியும் பார்த்தேன். அதே எண்கள்தான்.

நான் காரணத்தை எழுதிய கடிதம் உனக்குக் கிடைத்தது கார்த்திகைக் கடைசியில். அதற்கு முன் உன் கையில் இருந்தது அந்த நாலு வரிக் கடிதம் மட்டும். ஒரு வாழ்த்தும் இல்லாத, காரணமும் சொல்லாத கடிதம். அதற்கே நிறுத்தியிருக்கிறாய்.

குழந்தைக்கு எப்படி இருக்கும் என்று இந்த எண்களை வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நல்லபடியாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று எனக்குத் தெரிந்த டாக்டர் சொல்கிறார். இனியாவின் பிறந்த முடி இருக்கிறதே, அது வயிற்றுக்குள் வளர்ந்த முடி. அவள் உடம்புக்குள் எவ்வளவு போனது என்று அதில் தெரியும். என்னோடு வேலை பார்த்த பெண் சோதித்துத் தருவதாகச் சொல்கிறாள். மொட்டை போடும்போது கொஞ்சம் எடுத்து வை.

உன் அக்கா
அன்புக்கரசி


விருத்தாசலம்
4-7-2004

என் அன்பான அக்காவுக்கு,

நீயும் மாமாவும் சேர்ந்து காலையில் காப்பி குடிக்கிறீர்களா? இங்கே எல்லோரும் நலம். அப்பா வந்து பேத்தியைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் இருந்தார். காற்று ஆரம்பித்துவிட்டது. எஸ்டேட் பக்கமிருந்து வெள்ளைத் தூசி பறந்து வந்து கொடியில் காயும் துணியெல்லாம் மாவு பூசிய மாதிரி ஆகிறது.

அந்த நாளைச் சொல்கிறேன். உன் நாலு வரிக் கடிதம் வந்தபோது தட்டில் புட்டு இருந்தது. படித்தேன், அழுதேன். கடிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டுக் கோபத்தோடு சாப்பிட உட்கார்ந்தேன். கை தட்டுக்குப் போனது. வாய்க்கு வரவில்லை. எனக்கு எட்டு வயதில் அம்மா போனதிலிருந்து எனக்குச் சோறு போட்டு வளர்த்தவள் நீ. நீ எனக்கு ஒரு வாயை வேண்டாம் என்று சொன்னதே இல்லை. ஒருநாள் சொல்கிறாய் என்றால் ஏதோ இருக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிட்டது. மனசு மட்டும் ஒப்பவில்லை. அன்றிலிருந்து அத்தை வைப்பதை இவர் தட்டுக்கு மாற்றிவிடுவேன். இவரும் எதுவும் கேட்காமல் சாப்பிட்டார். நிறுத்திவிட்டேன் என்று உனக்கு எழுதியிருக்கலாம். எழுதினால் உன் மேலிருந்த கோபம் போய்விடும். அது போகக் கூடாது என்று பிடித்து வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுத வெட்கமாகிவிட்டது.

உன் கடிதத்தை அத்தைக்கு வாசித்தேன். கார்த்திகையில் இறங்குகிறது என்ற இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அப்புறம் முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்த வெற்றுப் பேப்பரை எடுத்து, குழந்தைக்கு மை தீட்டிய விரலைத் துடைத்துக்கொண்டார்.

இனியா இப்போது குப்புற விழுகிறாள். விழுந்துவிட்டுத் தலையைத் தூக்கி, யாராவது பார்த்தார்களா என்று பார்க்கிறாள். இவர் கைதட்டுவதை நிறுத்திவிட்டார். நான்தான் நிறுத்தச் சொன்னேன். தினமும் பரீட்சை வைத்தால் அவள் எப்போது குழந்தையாக இருப்பாள்?

ஆவணி முதல் ஞாயிறு கொளஞ்சியப்பர் கோயிலில் மொட்டை. மாமன் மடியில் வைத்துப் போட வேண்டும். நமக்குத்தான் கூடப் பிறந்தவன் இல்லையே. யார் மடியில் வைப்பது என்று பேச்சு வந்தபோது அத்தையே சொன்னார்: "ஏன், பெரியம்மா மடியில்லியா? அவுங்கள வரச் சொல்லு." நீ மாமாவோடு முந்தின நாளே வந்துவிட வேண்டும். ரயில் எது என்று எழுது. இவர் ஸ்டேஷனுக்கு வருவார்.

அந்த முடியைச் சோதிக்க வேண்டாம் அக்கா. எடுத்து வைக்க மாட்டேன். எண் சின்னதாக இருந்தாலும் பெரிதாக இருந்தாலும் அவளை நான் தூக்கப் போகிறது இதே மாதிரிதான். அதைச் சாமிக்கே கொடுத்துவிடுவோம்.

அழுவாள். மொட்டை போடும்போது தலையைத் திருப்புவாள். நீ இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

உன்
கொளஞ்சி